சமாதான ஆலயத்தின் சாவிக்காரர்

2009-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கிரிசாமி நெற்றியில் திருநீறு இல்லாமல் கோயில் கதவைத் திறந்தார். மழைக்காலம். வீட்டிலிருந்து கோயிலுக்கு நடக்கும் நாற்பது அடிக்குள் சாரல் அடித்துக் கழுவிவிட்டது. மறுவாரம் அவருக்கு மூன்று கடிதங்கள் வந்தன. ஆங்கிலிக்கன் சபையிலிருந்து ஒன்று, லுத்தரன் சபையிலிருந்து ஒன்று, மெதடிஸ்ட் சபையிலிருந்து ஒன்று. மூன்றிலும் ஒரே கேள்விதான்: தங்கள் நெற்றி காலியாக இருந்ததன் காரணம் என்ன? ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.

மாதா கோயிலோ வேதக் கோயிலோ, அங்கே வேலை செய்யும் இந்து ஒருவர் திருநீறு பூச மறந்துவிட்டாரே என்று கிறிஸ்தவர்கள் தூக்கம் கெட்டதாக வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. மலேசியாவில், கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில், கிரேன்மோர் தோட்டத்துச் சமாதான ஆலயத்தில் அது நடந்தது. காரணம் எளிமையானது. பக்கிரிசாமியிடம்தான் சாவி இருந்தது.

இந்தக் கோயிலை 1911-இல் கட்டியவர் தோட்டத்து மேனேஜர் துரை. யாருக்காகக் கட்டினேன் என்று சொல்லாமலே கப்பல் ஏறிவிட்டார். எல்லா வம்பும் அங்கே தொடங்கியது. ஆபீஸ் கிராணிமார் ஆங்கிலிக்கன், ரப்பருக்குப் பால்மரம் வெட்டியவர்கள் லுத்தரன், பள்ளிக்கூட வாத்தியார்கள் மெதடிஸ்ட். மூவரும் துரை தங்களுக்குத்தான் விட்டுப்போனார் என்று சத்தியம் செய்தார்கள். ஒரே வேதம், ஒரே கர்த்தர், ஒரே கூரை, அந்தக் கூரையின் ஒழுகலைச் சரிசெய்வது யார் என்பதில் மட்டும் அறுபது ஆண்டுத் தகராறு.

இப்போது தோட்டமே இல்லை. தொழிலாளர் லயங்களை இடித்தாயிற்று, பால்மரம் போய்ச் செம்பனை வந்தாயிற்று, எதிரே கண்டேனர் அடுக்கும் திடல். கோயிலைச் சுற்றி இரண்டு மைலுக்குள் ஒரு கிறிஸ்தவர் கிடையாது. ஆனாலும் ஞாயிறுதோறும் கிள்ளானிலிருந்தும், ஷா ஆலாமிலிருந்தும், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் கார் காராக வந்து இறங்குகிறார்கள். கர்த்தரைத் தொழ அவரவர் வீட்டுப் பக்கத்திலேயே நல்ல கோயில்கள் இருக்கின்றன. இங்கே வருவது மற்ற இரண்டு சபையும் இடத்தைப் பிடித்துவிடாமல் காவல் காப்பதற்கு.

ஏழு மணி ஆங்கிலிக்கன், ஒன்பது மணி லுத்தரன், பதினோரு மணி மெதடிஸ்ட். உள்ளே மூன்று அலமாரி, மூன்று பூட்டு, மூன்று கட்டு பாட்டுப் புத்தகம். சுவரில் மூன்று ஏர்கோன். ஒரு சபையின் ஏர்கோனில் இன்னொரு சபை குளிர் காயக் கூடாது. ஒன்பது மணிக்குப் பக்கிரிசாமி ஆங்கிலிக்கன் ஏர்கோனை அடைத்து, கதவு சன்னல் எல்லாம் திறந்து, மிச்சமுள்ள ஆங்கிலிக்கன் குளிரை வெளியே விரட்டி, அதற்கப்புறம் லுத்தரன் ஏர்கோனைத் தட்டுவார். இதைச் செய்யாத ஒரு நாள், 'எங்கள் குளிரில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள்' என்று புகார் வந்தது.

சாவிக் கதைக்கு வருவோம். 1972-இல் சாவி லுத்தரன்காரர்களிடம் இருந்தபோது, உயிர்த்தெழுந்த பண்டிகை காலையில் ஆங்கிலிக்கன்காரர்கள் இரண்டு மணி நேரம் மழையில் நின்றார்கள். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. ஒன்பது மணிக்குச் சரியாகக் கிடைத்தும் விட்டது. அதற்கப்புறம் இரண்டு வருடம் கோயில் பூட்டிக் கிடந்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் இரண்டு விதிகள் இந்தக் கதைக்கு வேண்டும்.

ஏழாம் விதி: இக்கோயிலில் ஆராதனை நேரம் பெற்றுள்ள எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாத ஒருவரிடமே சாவி இருக்க வேண்டும். கோயிலின் பின்வீடு அவருக்கு.

பதினோராம் விதி: கோயில் கல்லறையில், ஞானஸ்நானம் பெற்ற எவரையும் புதைக்கலாம். பெறாத எவரையும் புதைக்கக் கூடாது.

தோட்டத்து ஜாகாவாக, அதாவது காவல்காரராக, இருந்த சபாபதிக்குச் சாவி போனது. முருக பக்தர், மூன்று சபைக்கும் சம தூரத்தில் இருப்பவர். அவர் போன பிறகு மகன் பக்கிரிசாமிக்கு வந்தது. முப்பத்து நான்கு வருடம். ஞாயிற்றுக்கு மூன்று பிரசங்கம் என்று வைத்தால் ஐயாயிரத்துக்கு மேல் கேட்டிருப்பார். கிள்ளான் வட்டாரத்தில் எந்தப் போதகரும் அவ்வளவு கேட்டிருக்க முடியாது. இவ்வளவு காலத்தில் ஒருவர்கூட அவரைப் பார்த்து, 'நீங்களும் வந்து உட்காருங்களேன்' என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டால் சாவியை யாரிடம் கொடுப்பது?

அவர் மனைவி நல்லம்மாள் விஷயம் வேறு. நல்லம்மாளிடம் சாவி இல்லை. அதனால் அவர் ஆத்துமாவை இரட்சிக்கத் தடை எதுவும் இல்லை.

ஏழு வருடத்துக்கு முன்பு சிறுநீரகம் கெட்டு நல்லம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். செவ்வாய்க்கிழமை லுத்தரன் போதகர் வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். புதன்கிழமை மெதடிஸ்ட் போதகர் கொடுத்தார். வியாழக்கிழமை ஆங்கிலிக்கன் போதகர் கொடுத்தார். மற்றவர்கள் முந்திக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொருவரும் ரகசியமாக வந்தார்கள், ஆகவே ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியவில்லை.

"மூணு பேருக்குமா சரின்னு சொன்ன?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

"மூணு பேரும் ஆரஞ்சு வாங்கிட்டு வந்தாங்க. ஒருத்தருக்குச் சரின்னு சொல்லிட்டு மத்தவங்கள எப்படிங்க வெறுங்கையோட அனுப்புறது? நீங்க ஒண்ண உரிங்க."

சனிக்கிழமை நல்லம்மாள் இறந்துபோனார். மூன்று போதகர்களும் மூன்று பதிவேட்டோடு வந்து நின்றார்கள். 'எங்கள் உறுப்பினர்' என்று மூவரும் சொன்னார்கள். உயிரோடு இருந்தவரை அவர் போட்ட தேத்தண்ணியில் சர்க்கரை அதிகம் என்று குறை சொன்னவர்கள், அன்றைக்கு அவர் உடலை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கல்லறை ஏற்கெனவே மூன்று பகுதியாக, நடுவே செம்பருத்தி வேலி போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது. கடைசியில் வேலிகள் மூன்றும் வந்து முட்டும் பின்மூலையில், சாக்கடை ஓரமாகக் குழி வெட்டினார்கள். அடக்க ஆராதனை மூன்று தடவை நடந்தது. மூன்றாவது முடிந்தபோது மாலை நாலரை, கொட்டும் மழை.

நல்லம்மாளுக்கும் சாக்கடைக்கும் நடுவே இன்னும் ஓர் ஆள் படுக்க இடம் மிச்சம் இருந்தது. பக்கிரிசாமி அன்றே அதைக் காலால் அளந்துவிட்டார். ஐந்தே முக்கால் அடி. அவர் உயரத்துக்குப் போதும்.

இந்த வருடம் ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை காலை புல் வெட்டப் போனவர் அந்த இடத்தில் நாலு முளைக்குச்சி அடித்திருப்பதைப் பார்த்தார். நைலான் கயிறு கட்டி, ஒரு துண்டு அட்டையும் தொங்கியது: 'மெதடிஸ்ட் தண்ணீர்த் தொட்டி.'

தொட்டிக்குக் காரணம் இருந்தது. லுத்தரன் தொட்டித் தண்ணீரில் மெதடிஸ்ட் கோப்பைகளைக் கழுவியதாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கூட்டுக் கமிட்டி. மூன்று சபைக்கும் ஆளுக்கொருவர். கோயிலுக்குள் உட்கார்ந்தால் யாருடைய நாற்காலி என்ற பிரச்சினை வரும், ஆகையால் முன்வாசலில், அவரவர் காரிலிருந்து இறக்கிய மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆங்கிலிக்கன் தரப்பில் ராஜினி டீச்சர். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. 1974 ஒப்பந்தத்தை எழுதியவர் அவருடைய அப்பா. லுத்தரன் தரப்பில் மூப்பர் ஆசீர்வாதம், முன்னாள் தோட்டத்து மண்டோர், கூலியாட்களை மேய்த்தவர், இப்போதும் எல்லோரையும் மண்டோர் கண்ணாலேயே பார்ப்பவர். மெதடிஸ்ட் தரப்பில் ஜீவன், நாற்பது வயது, இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அவர் தன் சபையின் சுவிசேஷக் கமிட்டிச் செயலாளரும் கூட.

பக்கிரிசாமி தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"எனக்கு ஞானஸ்நானம் வேணும்."

ஆசீர்வாதம் கோப்பையைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"நல்லம்மா பக்கத்துல படுக்க."

"யோவ், நல்லாத்தானய்யா இருக்க."

"நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்காங்க மூப்பரே. செத்தா புள்ள சிம்பாங் லீமாவுக்குக் கொண்டுபோய் எரிச்சிடும். எனக்கு இங்கதான் வேணும். தொட்டிய வேற எங்கயாச்சும் வைங்க."

ராஜினி டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "பக்கிரி, ஞானஸ்நானம் எண்டா என்ன, தெரியுமோ? விசுவாசம் வேணும்."

"முப்பத்தி நாலு வருஷமா வாரம் மூணு பிரசங்கம் கேக்குறேன் டீச்சர். உங்காளுங்க ஒண்ணுதான் கேக்குறாங்க. அதுலயும் பாதிப் பேரு தூங்குறாங்க."

"யாரு தூங்குறது?" என்றார் டீச்சர்.

"ஏழு மணி ஆராதனைல தூங்காம என்ன செய்வாங்க," என்றார் ஆசீர்வாதம். "எங்க ஒன்பது மணிக்கு வந்து பாருங்க, ஒரு கண்ணு மூடாது."

"உங்க பாட்டுக் கேட்டா யாருக்குத்தான் தூக்கம் வரும்," என்றார் ஜீவன். பிறகு பக்கிரிசாமியின் தோளில் கை போட்டார். "அங்கிள், நான் சொல்றத கேளுங்க. இந்துவாவே இருங்க லா. இந்து மதத்துல என்ன குறை? அருமையான மதம். எவ்ளோ பழசு."

சுவிசேஷக் கமிட்டிச் செயலாளர் இதைச் சொன்னபோது முகத்தில் உண்மையான உருக்கம் இருந்தது.

"எந்தச் சபைல சேருறதா உத்தேசம்?" என்று ஆசீர்வாதம் கேட்டார்.

"உங்கள்ல யாரு கொடுத்தாலும் சரி."

உடனே மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஓ, இது உங்க வேலையா?" என்றார் டீச்சர் ஆசீர்வாதத்திடம். "எங்க வேலைன்னா நேத்தே முடிச்சிருப்போம், கேக்கவா வருவோம்," என்றார் அவர். சண்டையில் 1972 மழை மறுபடி பெய்தது. செவ்வாய், புதன், வியாழன் ஞானஸ்நானங்கள் எல்லாம் வந்து போயின. கால் மணி நேரம் கழித்து மூச்சு வாங்கி நின்றபோதுதான் மூவருக்கும் ஒரே நேரத்தில் அந்த எண்ணம் தட்டியது: யாருடைய சபையில் சேர்ந்தாலும் இவனிடமிருந்து சாவியை வாங்க வேண்டும். வாங்கி யாரிடம் கொடுப்பது?

"இந்தக் காலத்தில நம்பிக்கையான ஓர் இந்துவை எங்க போய்த் தேடுறது?" என்றார் ராஜினி டீச்சர், பெருமூச்சோடு.

"வேலைய விட்டுடுறேன் டீச்சர். வீட்டையும் விட்டுடுறேன்."

"விட்டா? சாவிய அந்தரத்துலயா தொங்க விடுறது? போயி கோப்பைய எடு, போ," என்றார் ஆசீர்வாதம்.

இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, பக்கிரிசாமி தம் முன்னோர் சமயத்தில் உறுதியாக நிலைத்திருக்கும்படி கமிட்டி அன்புடன் வலியுறுத்துகிறது. இரண்டு, தொட்டி அங்கேயே வரலாம். ஐம்பது ஆண்டில் மூன்று சபையும் ஒருமனமாக எடுத்த முதல் தீர்மானங்கள் இவை. ஐக்கியத்துக்காக நன்றி கூறி ஜீவன் ஜெபித்து முடித்தார். பக்கிரிசாமி தலை குனிந்து நின்று ஆமென் சொன்னார், பழக்கம்.

பண்டமாரானில் மகள் புனிதா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கினார். புனிதாவுக்குப் போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிப்ட் வேலை. வரும் சாமானைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர். காலை ஷிப்ட் முடிந்து வந்து, அப்பாவின் கைப்பேசியிலிருந்த ஒப்பந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் படித்தார்.

"அப்பா, அந்த மூணு பேருகிட்ட எதுக்குக் கேட்டீங்க?"

"வேற யாருகிட்ட கேக்குறது?"

"டெலிவரி ஆர்டர் மாதிரிதாம்பா இது. எழுதினது என்னவோ அதான் சாமான். ஞானஸ்நானம் வேணும்னு போட்டிருக்கு. எந்த பிராண்டுன்னு போடல. சாவிக்காரர் அங்க நேரம் வச்சிருக்கிற சபைல இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. கிறிஸ்டியனா இருக்கக் கூடாதுன்னு போடல." தட்டில் சோற்றைப் போட்டார். "கீழ டயர் கடைக்கு மேல பாஸ்டர் வாசு இருக்காரு. சாப்டுட்டு வாங்க."

பாஸ்டர் வாசு துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். டயர் கடைக்கு மேல்மாடியில் பெந்தெகொஸ்தே சபை நடத்துகிறார். அறுபது பேர், ஒரு டிரம்செட், இரண்டு கித்தார். தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இல்லை, முழுக்குத்தான். அதற்காக இறால் போட்டு வைக்கும் நீல நிறத் தொட்டி ஒன்றை மீன்காரரிடம் கேட்டு வாங்கியிருந்தார். தொட்டியால் வந்த வினை தொட்டியாலேயே தீரப் போகிறது என்று பக்கிரிசாமி நினைத்தாரோ என்னவோ, வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். இறால் வாடை கொஞ்சம் இருந்தது.

"விசுவாசிக்கிறீங்களா அண்ணே?"

பக்கிரிசாமி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்ல பாஸ்டர்."

"இப்ப நான் கேக்குறேன்ல."

"அப்ப, ஆமா."

"மூக்கப் பிடிச்சுக்குங்க."

அடுத்த ஞாயிறு ஆறே முக்காலுக்குக் கதவு திறந்தபோது சாவிக்காரரின் நெற்றி துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. மழை இல்லை. ராஜினி டீச்சர் படியிலேயே நின்றுவிட்டார். பதினோரு மணி ஆராதனை முடிவதற்குள் மூன்று சபைக்கும் செய்தி பரவி, கமிட்டி அவசரமாகக் கூடியது. பக்கிரிசாமி ஞானஸ்நானச் சான்றிதழை நீட்டினார். கீழே ஓரத்தில் டயர் கடையின் தொலைபேசி எண்ணும் அச்சாகியிருந்தது, ஏனென்றால் அச்சடித்துக் கொடுத்தவர் டயர் கடைக்காரர்.

"துரோகி," என்றார் ஆசீர்வாதம். "உங்கப்பன் எவ்ளோ நல்ல இந்து."

"இது செல்லாது," என்றார் ஜீவன். "இறால் தொட்டி லா. யாராச்சும் இறால் தொட்டில கொடுப்பாங்களா?"

"யோர்தான்ல மட்டும் மீன் இல்லியா தம்பி? உங்க போதகர்தான் சொன்னாரு. போன வருஷம் ஜனவரில. நீங்க அன்னிக்கி வரல."

ஆசீர்வாதம் நாற்காலிக் கையைத் தட்டினார். சாவியைப் பிடுங்கு, வீட்டைக் காலி செய், போலீஸில் சொல் என்றெல்லாம் அடுக்கினார். ராஜினி டீச்சர் மட்டும் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாம் விதியை இரண்டு தடவையும் பதினோராம் விதியை மூன்று தடவையும் படித்தார். அதைத் தப்பாக எழுதியதாக ஒப்புக்கொள்வதென்றால் தன் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஒரு லுத்தரன் முன்னால் ஒப்புக்கொள்வதாகும். அதைவிடப் பக்கிரிசாமியைப் புதைப்பது எளிது.

"விதி விதிதான்," என்றார் டீச்சர். "தொட்டியை வேற இடத்தில வையுங்கோ."

அந்த இடம் பக்கிரிசாமிக்கு என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்து மூன்றும் விழுந்தன. ஜீவனுடையது காகிதத்தைக் கிழித்துக்கொண்டு விழுந்தது.

இன்சூரன்ஸ்காரர்கள் எளிதில் விடமாட்டார்கள். அந்த வாரமே ஜீவன் பண்டமாரானுக்குக் காரை விட்டார். டயர் கடை மாடியேறி, சமாதான ஆலயத்தில் ஞாயிறு மதியம் இரண்டு மணி காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். பாஸ்டர் வாசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. டயர் வாடை இல்லாமல் ஒரு நாளாவது ஆராதிக்க வேண்டும் என்பது அவருடைய ஐந்து வருட ஜெபம். நேரே பக்கிரிசாமியிடம் ஓடி வந்தார்.

"அண்ணே, கர்த்தர் வாசலைத் திறந்துட்டாரு. நம்ம சபை உங்க கோயிலுக்கே வருது."

பக்கிரிசாமி புல்வெட்டும் மிஷினை அணைத்தார். அவருக்கு ஏழாம் விதி மனப்பாடம். வாசுவின் சபைக்கு நேரம் கிடைத்த நிமிடம், அதன் உறுப்பினர் கையில் சாவி இருக்கக் கூடாது. சாவி இல்லையென்றால் வீடு இல்லை. அவர் வீட்டை விட்டுப் போனதும் அந்த மூலையில் தொட்டி வரும். கையெழுத்துப் போட்ட காகிதமா? இந்தக் கோயிலில் சாவியே தொலைந்து ஒன்பது மணிக்குக் கிடைத்ததை அவர் அப்பா பார்த்திருக்கிறார், காகிதம் எம்மாத்திரம்?

"கொஞ்சம் பொறுங்க பாஸ்டர்," என்றார்.

மறுநாள் ஆசீர்வாதத்தின் வீட்டுக்குப் போனார். "மூப்பரே, மெதடிஸ்ட்காரங்க பெந்தெகொஸ்தே ஆளுங்கள உள்ள கொண்டாராங்க. ஜீவன் தம்பிதான் போய்க் கூப்பிட்டது. இனி கமிட்டில நாலு ஓட்டு. ரெண்டு அவங்க பக்கம்." ஆசீர்வாதம் சட்டை மாட்டாமலே தொலைபேசியை எடுத்தார்.

அடுத்து பக்கிரிசாமி ராஜினி டீச்சருக்குப் போன் போட்டார். "டீச்சர், உங்கப்பா எழுதினதுல மூணு சபைன்னுதானே இருக்கு. இப்ப ஜீவன் தம்பி அத நாலாக்கப் பாக்குறாரு. டிரம்செட் வேற வருதாம்." மறுமுனையில் ஒரு தலைமையாசிரியை எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஜீவனை வழியில் பார்த்தார். "தம்பி, மூப்பருக்குப் பரிபூரண சம்மதமாம். ஆனா புது ஆளுங்களுக்கு ரெண்டு மணி வெயிலு ஜாஸ்தி, உங்க பதினோரு மணிய அவங்களுக்குக் கொடுத்துட்டு நீங்க ரெண்டு மணிக்கு மாறிக்கணுமாம்."

இது பொய். முப்பத்து நான்கு வருட சேவையில் அவர் சொன்ன முதல் பொய், அதுவும் ஞானஸ்நானம் பெற்ற பிறகு. ஆனால் ஐயாயிரம் பிரசங்கத்தில் கற்க முடியாததை அவர் அந்த முன்வாசல் கூட்டங்களில் கற்றிருந்தார் என்பதை மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை, கூப்பிட்டவரே முதல் ஆளாக எதிர்த்து, மூன்று சபையும் நான்காவதைத் தள்ளின. இரண்டாவது ஐக்கியம்.

வாசு வந்து கோயில் படியில் உட்கார்ந்தார். முகம் தொங்கியிருந்தது.

"ஏன்ணே, என்ன ஆச்சு? அவங்களே கூப்பிட்டாங்க. அவங்களே வேணாங்குறாங்க."

"இங்க வேணாம் பாஸ்டர். உங்களுக்கு டயர் கடையே நல்லது. இங்க இருக்குறவங்க நல்லவங்க இல்ல."

"நீங்களும் இங்கதானேண்ணே இருக்கீங்க?"

"நானும்தான்," என்றார் பக்கிரிசாமி.

அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, கல்லறைக்குப் போனார். ஜீவனின் முளைக்குச்சிகள் நாலும் இன்னும் அங்கேயே இருந்தன. பிடுங்கி, கயிற்றை அவிழ்த்து, ஓர் ஆள் அளவுக்கு நெருக்கி அடித்தார். பிறகு லுத்தரன் பக்கத்து வேலியிலிருந்து கொஞ்சம், மெதடிஸ்ட் பக்கத்திலிருந்து கொஞ்சம், ஆங்கிலிக்கன் பக்கத்திலிருந்து கொஞ்சம் செம்பருத்திக் குச்சி ஒடித்துவந்து, கயிற்றை ஒட்டி வரிசையாக நட்டார். மூன்றாகப் பிரிந்திருந்த கல்லறை அன்று மாலை நான்காகப் பிரிந்தது.

நல்லம்மாள் பக்கம் மட்டும் குச்சி நடவில்லை.